மறைந்த சுடர் எது?

சங்கப் புலவர் இயற்கையை உள்ளவாறு பாடினர் என்று மேடைதோறும் கூறுகிறோம். அவ்வுண்மை ஒரு பாட்டின் பொருளையே முடிவு செய்யும் இடம் ஒன்றைக் காண்போம்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 65ஆம் பாட்டு கழாத்தலையார் பாடியது. கரிகால் வளவனொடு பொருது, முதுகிற் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பற்றியது. முழுநிலா நாளில் இரு சுடர்கள் எதிரெதிர் நோக்க, மாலையில் அவற்றுள் ஒன்று மலையில் மறைவதை அங்கு உவமையாக்குகிறார் புலவர். மறைந்தது எச்சுடர் என்று அவர் பெயர் சுட்டவில்லை. விடை வானத்தில் இருக்கிறது.

அமாவாசையன்று திங்கள் ஞாயிற்றோடு எழுந்து ஞாயிற்றோடு மறையும். பின்னர் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். வளர்பிறையின் அரைமதி நண்பகலில் எழுந்து நள்ளிரவில் மறையும். முழுமதி அந்தியில் எழுந்து விடியலில் மறையும். தேய்பிறையின் அரைமதி நள்ளிரவில் எழுந்து நண்பகலில் மறையும். ஆகவே இரு சுடரும் நேர் எதிரே நிற்பது முழுநிலா நாளில்தான். விடியல் என்று பாடியிருப்பின் மறைவது திங்களாகும். புலவர் மாலை என்றார். எனவே மறைந்தது ஞாயிறே.

இதனால் விளைவது யாது? தோற்ற சேரன் ஞாயிறாகிறான். வென்ற வளவன் திங்களாகிறான். மேற்கே சேரர் மலை. கிழக்கே சோழர் கடல். திசைகளும் பொருந்துகின்றன. இனி இங்குப் பகற்பொழுது முன்போற் கழியாது என்னும் கருத்தோடு பாட்டு முடிவதும் இதற்கு அரண் செய்கிறது. வென்றவனைப் பழிக்காமலே தோற்றவனுக்குப் பேரொளியை அளித்துவிட்டார் புலவர்.

இரு வேந்தரும் நிகரானவர் என்பதே உவமையின் கருத்து, அதற்குமேல் நீட்டுதல் தகாது எனச் சிலர் கூறலாம். நிகர்மை மட்டுமே வேண்டின், இரு சுடர் என்றாலே போதுமே! நாளையும் பொழுதையும் வரையறுத்தது ஏன்? பிறைநாள் மாலையில் திங்கள் ஞாயிற்றை எதிர்நோக்குவதில்லை. அதன் பின்னேயே மேற்கில் இறங்கிவிடும். அங்கே போருமில்லை, எதிர்ப்புமில்லை.

இன்றைய கவிதை சிலவற்றில் மூன்றாம் பிறை நள்ளிரவில் நடுவானில் நிற்கக் காண்கிறோம். கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால், அறிந்து மீறுவது வேறு, அறியாமல் எழுதுவது வேறு. அறியாமல் எழுதியவனிடம் வானம் பொருள் எதையும் சேர்ப்பதில்லை. கழாத்தலையாருக்கோ சொல்லாத சொல்லையும் வானமே சொல்லித் தந்தது. அடுத்த முழுநிலா மாலையில் அன்பர்கள் மாடியேறி இரு திசையும் நோக்குவார்களாக. இப்பாட்டுக்கு அதனினும் தெளிவான உரை கிடைத்தல் அரிது.