அழுத்தமும் பொறுமையும்: எஸ்பிரெஸோ மரபுகளும் மல்லேஸ்வரத்துக் காபியும்

வறுத்து அரைத்த காபிப் பொடியின் சாரத்தை நீரில் இறக்குவதற்கு மனிதர் கண்ட வழிகளுள் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று, கடும் அழுத்தத்தால் அரை நிமிடத்துக்குள் சாரத்தைப் பிழிந்தெடுக்கும் இத்தாலிய எஸ்பிரெஸோ. மற்றொன்று, நீரின் எடையை மட்டுமே நம்பிச் சொட்டுச் சொட்டாக வடிய விடும் தென்னிந்திய ஃபில்டர் காபி. இந்தியக் காபி வாரியத்தின் தலைமையகம் அமைந்த பெங்களூருவில் இவ்விரு மரபுகளும் இன்று அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. 1898இல் நகரைத் தாக்கிய பிளேக் நோயை அடுத்துக் குடியிருப்பாக வளர்ந்த மல்லேஸ்வரத்தில், கன்னடக் குடும்பங்களோடு தமிழ்க் குடும்பங்களும் ஃபில்டர் மரபைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்திருப்பதால், இரண்டையும் ஒருங்கே வைத்து எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

நீராவிப் பள்ளி

எஸ்பிரெஸோ இயந்திரத்தின் வரலாறு டூரின் நகரில் தொடங்குகிறது. அங்கே 1884இல் ஆஞ்செலோ மொரியோண்டோ என்பவர், கொதிநீரையும் நீராவியையும் கொண்டு காபி தயாரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது மொத்தமாகக் காபி வடிக்கும் கருவியாகவே இருந்தது. ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே பொடியை அடைத்து, கைப்பிடி கொண்ட சிறு வடிகட்டியை இயந்திரத்தில் பொருத்தும் முறையை மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா 1901இல் வகுத்தார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905இல் இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கினார். 1906இல் மிலானில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சி அதை ஊரறியச் செய்தது.

இப்பள்ளியின் வலிமையும் குறையும் நீராவியே. மூடிய கொதிகலனில் திரளும் ஆவி நீரைத் தள்ளியது. ஆனால் அதன் அழுத்தம் ஒன்றரை ‘பார்’ அளவைத் தாண்டவில்லை. ‘பார்’ என்பது ஏறக்குறைய நாம் வாழும் காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமமான அலகு. அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் வெப்பத்தைக் கூட்ட வேண்டும். வெப்பம் கூடினால் பொடி கருகும். எனவே அக்காலத்துக் காபி விரைவாகக் கிடைத்ததே தவிர, கசப்பும் கருகல் வாடையும் அதை விட்டு நீங்கவில்லை.

நெம்புகோல் பள்ளியும் பம்புப் பள்ளியும்

வெப்பத்தையும் அழுத்தத்தையும் பிரித்ததே எஸ்பிரெஸோ வரலாற்றின் பெருந்திருப்பம். மிலானைச் சேர்ந்த அக்கீல் காஜா 1938 முதல் செய்துவந்த முயற்சிகள், போருக்குப் பின் 1948இல் சந்தைக்கு வந்த நெம்புகோல் இயந்திரமாக முதிர்ந்தன. அதில் காபி தயாரிப்பவர் நீண்ட கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது உள்ளிருக்கும் சுருள்வில் இறுகுகிறது; கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் நீர் பொடியின்மேல் இறங்குகிறது; பிடியை விட்டதும் வில் விரிந்து, எட்டு, ஒன்பது பார் அழுத்தத்தில் அந்த நீரைப் பொடியின் ஊடே தள்ளுகிறது. வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு இந்த அழுத்தத்தில் நீரில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் நுண்குமிழ்களாக வெளிப்பட்டு, காபியின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து பொன்பழுப்பு நுரையாக மேலே படிகிறது. ‘க்ரேமா’ எனப்படும் அந்த நுரையே அதன் பின் எஸ்பிரெஸோவின் அடையாளம் ஆயிற்று.

நெம்புகோலில் அழுத்தம் கை தேர்ந்தவரை நம்பி நின்றது. 1961இல் ஃபாயெமா நிறுவனம் வெளியிட்ட இ-61 இயந்திரம் அந்தச் சுமையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நினைவூட்டும் பெயர் அது. குழாயிலிருந்து வரும் புதுநீர், கொதிகலனுக்குள் செல்லும் தனிக்குழலில் சூடேறி, ஒன்பது பார் அழுத்தத்தில் இடையறாது பொடியை அடைந்தது. பிற்காலத்தில் காபிக்கும் ஆவிக்கும் தனித்தனிக் கொதிகலன்களும், வெப்பத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்களும் சேர்ந்தன; ஆனாலும் இன்றைய இயந்திரங்கள் பலவற்றின் அடிப்படை அமைப்பு இ-61 வகுத்ததே.

எழுதப்பட்ட இலக்கணம்

இயந்திரம் சீர்பட்டதும் அளவுகளும் எழுத்தில் ஏறின. 1998இல் தோன்றிய இத்தாலிய தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம், ஒரு கோப்பைக்கு 7 கிராம் பொடி, 88 பாகை சூட்டில் நீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி, நுரையையும் சேர்த்து 25 மில்லி லிட்டர் என வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் சிறிதளவு கூடுதல் குறைவையும் அனுமதித்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் புதுப்பள்ளியோ 18 கிராம் அளவில் பொடியை எடுத்து, அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள சாறு இறங்கும்வரை தராசில் நிறுத்துப் பார்க்கிறது. அளவுகள் மாறினாலும், நல்ல கோப்பை எது என்பதை யாரும் சோதித்தறியும் வகையில் எழுதி வைப்பதில் இரு பள்ளிகளும் ஒன்றுபடுகின்றன.

கருநாடகத்து உறவு

பாபா புடான் என்னும் சூஃபிப் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூரு மலையில் ஊன்றினார் என்பது மரபு. இன்று இந்தியக் காபியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கருநாடகத்தில் விளைகிறது. அதை வாங்கும் நாடுகளுள் முன்னணியில் நிற்பது இத்தாலி. கழுவிப் பதப்படுத்திய இந்திய ரோபஸ்டா, நுரைக்கு அடர்த்தியும் சாற்றுக்குத் திண்மையும் தருவதால் இத்தாலியக் கலவைகளில் இடம்பெறுகிறது. ஆக, எஸ்பிரெஸோ பெங்களூருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கருநாடகத்துக் கொட்டை எஸ்பிரெஸோவுக்குள் போயிருந்தது.

இயந்திரம் இங்கே இருவகையாக வந்தது. முதலாவது, கல்யாண வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் ‘எஸ்பிரெஸோ’ என்ற பெயரோடு நின்ற ஆவிக் கொதிகலன். அதில் உடனடிக் காபித் தூளும் சர்க்கரையும் கலந்த பாலுக்குள் ஆவியைச் செலுத்தி, பொங்கிய நுரையின்மேல் சாக்லேட் பொடி தூவித் தருவர். பொடியின் ஊடே அழுத்தம் செல்லாததால் இலக்கணப்படி இது எஸ்பிரெஸோ ஆகாது. ஆயினும் பாலை நுரைக்க வைக்கும் கலையில் தனிப்பள்ளியாக நிற்கும் தகுதி அதற்கு உண்டு. இரண்டாவது, காபி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் 1990களில் படிப்படியாகத் தளர்ந்த பின், 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்த கஃபே காபி டே வழியே பரவிய இத்தாலிய வகை இயந்திரம்.

எழுதப்படாத இலக்கணம்

1920களில் தோன்றிய சென்ட்ரல் டிபன் ரூம் முதலான மல்லேஸ்வரத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலும், அங்குள்ள வீடுகளிலும் நிலைபெற்றது ஃபில்டர் பள்ளி. இரண்டடுக்குப் பாத்திரத்தின் மேல் அடுக்கில் பொடியை இட்டு, குடை போன்ற காம்புடைய தட்டால் மெல்ல அமுக்கி, கொதித்திறங்கிய நீரைச் சுற்றி ஊற்றி மூடிவைத்தால், அடித்துளைகளின் வழியே டிகாக்‌ஷன் வடிகிறது. பொடிக்குமேல் நிற்கும் நீரின் உயரம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். அது தரும் அழுத்தம் ஒரு பாரில் நூறில் ஒரு பங்கே. எஸ்பிரெஸோவில் அதைப்போல் தொள்ளாயிரம் மடங்கு அழுத்தம் செய்யும் வேலையை இங்கே காலம் செய்கிறது.

இப்பள்ளிக்கும் கறாரான தரங்கள் உண்டு. பொடி மிக நைஸாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். கொரகொரப்பாக இருந்தால் நீர் ஓடிவிட்டு டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். கனிக்குள் ஒற்றை விதையாக உருண்டு விளையும் பீபெரியையும், பிளான்டேஷன் ஏ என்னும் கழுவிய அராபிகாவையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சிக்கரி வேரின் தூள் நிறத்தையும் திண்மையையும் கூட்டி, வடிதலை மெதுவாக்கும். எண்பதுக்கு இருபதா, எழுபதுக்கு முப்பதா என்ற வழக்கு தீராதது. கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். முதல் டிகாக்‌ஷனை அடுப்பில் நேராக வைத்துச் சுடவைக்கலாகாது. புதிதாகக் காய்ச்சிய பால்தான் அதற்குச் சூடு தர வேண்டும். டபராவில் ஆற்றும்போது எழும் நுரை, சூட்டையும் சுவையையும் ஒருசேரப் பதப்படுத்த வேண்டும்.

இவை யாவும் எஸ்பிரெஸோவின் அளவுகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ஆனால் கையிலும் நாக்கிலும் மட்டுமே தங்கியிருப்பவை. காஜாவின் நெம்புகோலில் இருந்த கைத்திறனை இத்தாலியர் எண்களாக மாற்றி உலகெங்கும் கொண்டு சென்றதால்தான், எஸ்பிரெஸோவை எந்த ஊரிலும் அளந்து சரிபார்க்க முடிகிறது. ஃபில்டர் காபிக்கும் அத்தகைய ஆவணம் வேண்டும்: பொடியின் எடை, அரைப்பின் நுண்மை, நீரின் சூடு, வடியும் நேரம், பாலின் விகிதம் ஆகியவற்றை வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பதிவு செய்து, வேறுபாடுகளை அழிக்காமலே பள்ளிகளாக வகைப்படுத்த வேண்டும். காபி வாரியமும், பொடி வறுக்கும் கடைகளும், மூத்த சமையற்கலைஞர்களும் ஒரே நகரில் இருக்கும் பெங்களூருவே இப்பணியைத் தொடங்க வல்லது. எழுதி வைத்த மரபை அடுத்த தலைமுறை ஏற்கலாம், திருத்தலாம், மறுக்கவும் செய்யலாம். எழுதாமல் விட்ட மரபுக்கோ அந்த வாய்ப்பே இல்லை.