தூதும் ஒற்றும்

தூது வேறு; ஒற்று வேறு. ஆகலின் வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலை 59ஆம் அதிகாரமாகவும், தூதினை 69ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். தூதன் தன் அரசன் பெயரைச் சொல்லி, வேற்றரசன் அவையில் முகங்காட்டி நின்று பேசுபவன். தன் உயிருக்கே கேடு வரினும் உரைக்க வந்ததை உரைத்து முடிப்பவன். ஒற்றனோ முகம் மறைப்பவன். துறவிக் கோலமும் பூணுபவன். ஆயினும் அவன் தொழில், மறைந்திருந்து அறிந்ததைத் தன் அரசனிடம் கொண்டுவந்து சேர்ப்பதே. முன்னவன் வெளிப்பட்ட வாய். பின்னவன் மறைந்த செவி. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இந்நாளில் ‘மக்கள்தூது’ எனப் போற்றப்படும் அரசியற் கலையை ஆராய்தல் தகும்.

அரசு அரசோடு பேசுவது பழைய தூது. ஓர் அரசு அயல்நாட்டு மக்களோடு நேரே பேசுவது மக்கள்தூது. இதற்குரிய ஆங்கிலப் பெயரை இன்றைய பொருளில் 1965இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் எட்மண்ட் கல்லியன். அவர் அமெரிக்கத் தூதராயிருந்து, பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளெட்சர் கல்லூரிக்குத் தலைவரானவர். பெயர் தோன்றுமுன்பே தொழில் தோன்றிவிட்டது. ‘அமெரிக்காவின் குரல்’ வானொலி 1942இல் ஒலிக்கத் தொடங்கிற்று. 1953இல் அமைந்த அமெரிக்கத் தகவல் நிறுவனம், 1999இல் கலைக்கப்படும்வரை, பல நாடுகளில் நூலகங்களையும் கண்காட்சிகளையும் நடத்திற்று. அவை நடுநிலை பிறழாதன என எவரும் கூறார். ஆனால் பேசுவது எந்நாடு என்பதைக் கேட்பவர் அறிந்திருந்தனர். ஆகவே, நம்புவதும் ஐயுறுவதும் அவர்தம் விருப்பமாயிருந்தன.

இணையம் வந்தபின் நிலை மாறிற்று. வானொலி தன்னைக் கேட்பவர் யாரென அறியாது. இணையமோ பேசும்பொழுதே கேட்பவரை அளக்கிறது. அவருடைய ஊர், வயது, விருப்பு, வெறுப்பு யாவும் தரவுகளாகத் திரள்கின்றன. இனி மக்கள்தூது ஒருவழிப் பேச்சன்று, உரையாடல் என இதனைப் பாராட்டுவோர் உளர். கேளாமற் பேசுவதினும் கேட்டுப் பேசுவது நன்றே. ஆயினும் எதிரே இருப்பவர் யாரெனத் தெரிந்தாலன்றோ அஃது உரையாடலாகும்?

கியூபாவில் நடந்தது நல்ல சான்று. 2010இல் அந்நாட்டில் ‘சுன்சுனேயோ’ என்னும் குறுஞ்செய்தி வலையமைப்பு தோன்றிற்று. பந்தாட்டம், இசை, புயல் எச்சரிக்கை என எளிய செய்திகளே முதலில் வந்தன. ஏறத்தாழ 40,000 பேர் சேர்ந்தனர். அதனைத் தோற்றுவித்தது அமெரிக்க அரசின் அனைத்துலக வளர்ச்சி நிறுவனம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வேற்று நாடுகளில் அமைத்த குழுமங்களின் பின்னே அப்பெயர் மறைக்கப்பட்டது. மக்கள் அனுப்பிய மறுமொழிகளைக் கொண்டு அவர்தம் அரசியற் சார்பை வகைப்படுத்தும் வேலையும் உள்ளே நடந்தது. 2012இல் நின்றுபோன இம்முயற்சியை 2014இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்திற்று. இது மறைசெயல் அன்று, அடக்கமாகச் செய்த பணியே என்றது அமெரிக்க அரசு.

தென்கிழக்காசியாவும் இதற்குத் தப்பவில்லை. கோவிட் பெருந்தொற்றின்போது, சீனாவின் செல்வாக்கைக் குறைக்கக் கருதிய அமெரிக்கப் படைத்துறை, பிலிப்பீன்ஸ் மக்களைப் போல் நடிக்கும் பொய்க் கணக்குகளைக் கொண்டு சீனத் தடுப்பூசியை இழித்துப் பரப்பியதை 2024இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 300க்குக் குறையாத கணக்குகள் கண்டறியப்பட்டன. மத்திய ஆசியாவிலும் மத்தியக் கிழக்கிலும் வாழும் முஸ்லிம்களிடமோ, அத்தடுப்பூசியில் பன்றி ஜெலட்டின் உண்டென்னும் அச்சம் விதைக்கப்பட்டது. எவரிடம் எந்த அச்சம் பலிக்கும் எனக் கணித்து விதைத்த விதை இது. பிலிப்பீன்ஸில் 2021 மார்ச்சில் தடுப்பூசிப் பணி தொடங்கியபொழுது முதலில் கிடைத்தது அச்சீன மருந்தே என்பதை நினைத்தால், இக்கொடுமையின் அளவு விளங்கும். பகை சீனாவோடு, இடருற்றவர் பிலிப்பீன்ஸ் ஏழையர்.

இஃது ஒரு நாட்டின் குற்றம் மட்டுமன்று. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து, அமெரிக்கரைப் போல் நடித்து எழுதப்பட்டவை 2016 தேர்தலை ஒட்டிய காலத்தில் 12 கோடியே 60 இலட்சம் அமெரிக்கர் வரை எட்டியிருக்கலாம் என 2017இல் பேஸ்புக் கூறிற்று.

அடக்குமுறை நிலவும் நாட்டில் பெயர் சொல்லிப் பேச இயலுமோ என வினவலாம். பனிப்போர்க் காலத்தில் ‘அமெரிக்காவின் குரல்’ ஒலியைச் சோவியத் அரசு இரைச்சலால் தடுத்தது. அதையும் மீறிக் கேட்டவர், எக்குரலைக் கேட்கின்றோம் என அறிந்தே கேட்டனர். இடரைத் தாமே தேர்ந்துகொண்டனர். கியூப இளைஞருக்கு அத்தேர்வு அளிக்கப்படவில்லை. பேசியவர் ஒளிந்துகொண்டார், இடர் முழுதும் கேட்டவர் தலையில் விழுந்தது.

சிங்கப்பூர் 2021இல் இயற்றிய வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்தின் சொற்கள் மிக விரிந்தன என்னும் குறை எழுந்தது. எனினும் வெளிப்படையாகத் தம் பெயரிற் பேசும் அயலாரை அது தடுக்காது என அரசு விளக்கிற்று. வரம்பு அமையவேண்டிய இடம் அதுவே.

வள்ளுவர் கூறும் ஒற்றனும் அயல்நாட்டு மக்களிடையே பொய்ம்முகம் கொண்டு ஓதுபவன் அல்லன். அவன் செவி மட்டுமே. இன்று தோன்றியிருப்பதோ, மறைந்த செவி திரட்டிய தரவை உண்டு வளரும் மறைந்த வாய். அதனைத் தூது என்பது தூதின் பெயருக்கு இழுக்கு. ஒற்று என்பதும் பொருந்தாது. அதற்குரிய பெயர் வஞ்சனை. மாணவர்க்கு இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், மக்கள்தூது எனப் படித்தவுடன் பேசுபவர் பெயர் எங்கே எனத் தேடும் பழக்கத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.