குடிகார அப்பாவின் தயக்கம்

மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் நமக்குப் பழகிப்போன ஓர் அப்பா உண்டு. ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பார், பால் வெட்டுவார், சம்பளத்தன்று கள்ளுக்கடையில் கிடப்பார், தொழிலாளர் லயத்துக்கு வந்து அம்மாவை அடிப்பார். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ கதையைப் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே ஆளைத் தெரிந்துவிடும்.

அதுதான் இந்த வார்ப்பின் பலம். பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் கிடைக்கும் சிறிய இடத்தில் துரை, கிராணி, கங்காணி என்று மூன்று சொல் போட்டால் போதும், தோட்டத்தின் அதிகாரம் முழுதும் எழுந்து நிற்கும். அந்த உதவியை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் அப்பாவுக்கு இதில் அநியாயம் நடந்திருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எதிர்த்தார்கள். முன்னின்ற ஆர்.எச்.நாதன் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்காரர். கடையை மூடச் சொன்னவனும் அங்கே குடித்தவனும் ஒரே லயத்தில் வாழ்ந்தார்கள். சில வீடுகளில் இருவரும் ஒரே ஆளாகவே இருந்திருக்கலாம். அந்த ஆள் நம் கதைகளுக்குள் அரிதாகவே வருகிறான்.

ஆழம் வேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் குடிகார அப்பாவுக்கொரு சோகக் கதையைச் சேர்க்கிறார்கள். வறுமை குடிக்க வைத்தது என்கிறார்கள். வில்லன் போய் பரிதாபத்துக்குரியவன் வருகிறான். அவனும் வார்ப்புதான்.

வார்ப்பை உடைக்க வேறொரு வழி உண்டு. 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் அதே ‘தமிழ் நேசனி’ல் பணியாற்றியவர் கு.அழகிரிசாமி. அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையின் தாயம்மாள், நாம் நூறு முறை பார்த்த ஏழைத் தாய். தீபாவளிக்கு வந்து சேர்ந்த அநாதைச் சிறுவனுக்கு உடுத்தத் துணியில்லை. வீட்டில் கணவனுக்கு வாங்கிய புதுத் துண்டு இருக்கிறது. கொடுக்கத்தான் போகிறாள், ஆனால் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தியாகத்தாய் பொம்மை. அழகிரிசாமி அவளை விளக்கவில்லை. இரண்டு நியாயங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கதைகளில் குடிகார அப்பாவின் இடத்துக்கு அடுக்குமாடியின் குண்டர்கும்பல் இளைஞன் வந்திருக்கிறான். அவனையும் அதே அவசரத்தில் எழுதி முடிக்கிறோம் என்பதுதான் என் கவலை.

நான் படிக்க விரும்பும் கதை இது: கள்ளுக்கடையிலிருந்து சைக்கிளில் திரும்புகிறார் அப்பா. எதிரே துரையின் கார். இறங்குவதா வேண்டாமா என்று பெடலில் கால் நிற்கிறது.