தாத்தன் பிறந்த ஊர்

சென்னிமலையில் ஒரு டீக்கடை. விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் சொன்னார்: "இந்த வடக்கனுக வந்ததுக்கப்பறம் நமக்குக் கூலியே ஏற மாட்டேங்குதுங்க." கூட இருந்த தோழர் அதையே சித்தாந்தமாக்கினார்: "வந்தேறிகள்." முதலாவது வயிற்றிலிருந்து வந்த பேச்சு. இரண்டாவது அதிகாரத்தின் சொல்லாடல். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

வந்தேறி என்பவன் யார்? எத்தனை தலைமுறைக் கணக்கு? இந்தக் கணக்கை நமக்கு எதிராகப் போட்டுப் பார்த்தது இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம். அங்கேயே பிறந்தவனாயினும் தகப்பன் அங்கே பிறந்ததை நிரூபி, இல்லையேல் தாத்தனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றது. லயத்துக் கூலி எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாக்கினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அங்கே 'இந்தியத் தமிழன்', நீலகிரியில் வந்து இறங்கியதும் 'சிலோன்காரன்'.

1983-க்குப் பின் வந்தவர்களின் கதை வேறு. சென்னிமலைக்குப் பக்கத்தில் அரச்சலூரிலும் அவர்களுக்கு முகாம் உண்டு. 2021-ல் அகதி முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் எதிர்த்தோம், சரி. எதிர்த்தவர்களின் வாயிலும் 'தாத்தன் எங்கே பிறந்தான்' என்ற அதே கேள்வி எப்படி வந்து உட்கார்ந்தது?

இந்தக் கேள்வியைக் கொங்கின் தறிகளிடம் கேட்டால் என்ன ஆகும்? வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற தேவாங்கர் நெய்த துணியும் கொங்குத் துணிதான். மண்ணின் மைந்தன் என்பது பிறகு கட்டப்பட்ட புனைவு.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நாம் கண்ணீரோடு படித்தவர்கள். பெருந்துறை சிப்காட்டில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கிற பீகார்க்காரன் அந்தக் கதைக்கு உள்ளே இருப்பவன்தானே? கங்காணி இப்போது காண்ட்ராக்டர். முன்பணக் கடன் அதேதான். கூலியை இறக்குவது வந்தவனல்ல, அவனை ஊர் தெரியாதவனாக, சங்கம் இல்லாதவனாக வைத்திருக்கிற ஏற்பாடு. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களுக்குப் பயந்து அவர்கள் ரயிலேறினார்கள். அரசு வதந்தி பரப்பியோர்மீது வழக்குப் போட்டது. நாம், இடதுசாரிகள், தமிழ்த்தேசியர்கள், தலித் இயக்கத்தார், அவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்குள் அதற்கு முன்னால் எத்தனை முறை போயிருந்தோம்?

டீக்கடைக்காரரின் கடைசிக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது: "நாளைக்கு எல்லாத்துலயும் இந்தியத் திணிச்சா யாருங்க கேக்கறது?" நியாயமான பயம். 1965-ஐ நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் திணிப்பது தில்லி, செங்கல் சுமக்கிறவன் அல்ல. தில்லியோடு தமிழில் சண்டை போடுவோம். கூலிச் சங்கத்தின் அடுத்த துண்டறிக்கை மட்டும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சாகட்டும்.