சுதந்திரவாதமும் தூத்துக்குடியும்: ஒரு விமர்சனம்

லிபர்டேரியனிசம் என்று மேலைநாடுகளில் வழங்கும் சுதந்திரவாதம், ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உடைமையாளர் என்ற எடுகோளிலிருந்து தொடங்கும் கோட்பாடு. பிறர் மீது பலவந்தமோ மோசடியோ செய்யாத வரை ஒருவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பது இதன் சாரம். 19ஆம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் ஸ்பென்சர் முன்வைத்த சம சுதந்திர விதி இதற்கு முன்னோடி. 1974இல் ராபர்ட் நோசிக்கும் 1982இல் முர்ரே ரோத்பார்டும் எழுதிய நூல்கள் இதற்கு இன்றைய வடிவைக் கொடுத்தன. இந்தியாவுக்கு இது முற்றிலும் அயலானதும் அல்ல. ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் லண்டனில் தொடங்கிய ‘இந்தியன் சோசியாலஜிஸ்ட்’ இதழ் ஸ்பென்சரின் வாசகங்களையே முகப்பில் தாங்கி வந்தது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, பொருளாதாரத்தில் இதற்கு நெருங்கிய உறவுடையது.

சட்டமும் சந்தையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதோடு இந்தக் கோட்பாடு நின்றுவிடுவதில்லை. அறம், குடும்பம், நட்பு, அண்டை அயல் அனைத்தையும் ‘சம்மதம் இருந்ததா, பலவந்தம் இருந்ததா’ என்ற ஒரே கேள்வியால் அளக்க முடியும் என்று அதன் தீவிர ஆதரவாளர்கள் கருதுகின்றனர். இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கத் தூத்துக்குடியைப் போல் பொருத்தமான ஊர் தமிழகத்தில் வேறில்லை. தனியார் முதலீடு, அரசின் ஏகபோகம், வேலைநிறுத்தம், பகிஷ்கரிப்பு, உரிமையாளர் யாரென்று முடிவாகாத கடல் என எல்லாம் அந்த ஒரே கரையில் நடந்தேறியுள்ளன.

கப்பலும் இலவசக் குடையும்

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ. சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனியாட்சி நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. கடைசியில் வெள்ளைக் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்தது.

சுதந்திரவாத நோக்கில் இலவசக் குடையில் குற்றம் எதுவும் இல்லை. தன் பணத்தைத் தான் இழப்பது ஒரு கம்பெனியின் உரிமை, பயணிக்கோ லாபம். நட்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது புத்திசாலித்தனமான வழியே அல்ல, விலை கொடுத்து வாங்கிவிடுவதே மலிவு என்று ஜான் மெக்கீ 1958இல் எழுதிய கட்டுரை இந்த வட்டாரத்தில் மிகவும் மதிக்கப்படுவது. வ.உ.சி.யை விலைக்கு வாங்கவும் முயற்சி நடந்தது. அவர் இணங்கவில்லை என்பதுதான் மெக்கீயின் கணக்கில் வராத செலவு.

ஆனால் இந்தக் கதையில் சுதந்திரவாதி சுட்டிக்காட்டக்கூடிய வலுவான செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வளர்ந்ததே அரசின் தபால் ஒப்பந்தங்களைக் கொண்டுதான். எனவே இலவசப் பயணத்துக்கான பணத்தில் அரசின் பங்கும் கலந்திருந்தது. சுதேசிக் கப்பலை வீழ்த்திய இறுதி அடியும் சந்தையிலிருந்து வரவில்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்று ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தபோதிலும் கம்பெனி பிழைக்கவில்லை, 1911இல் கலைக்கப்பட்டது. அரசு என்பது சந்தையின் நடுவர் வேடம் போட்ட ஆட்டக்காரர் என்ற சுதந்திரவாதக் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. இந்த இடத்தில் கோட்பாடு சரியாகவே பேசுகிறது.

அது தடுமாறுவது வேறோர் இடத்தில். தபால் பணம் இல்லை, கைதும் இல்லை, எதிராளியிடம் பெரிய மூலதனம் மட்டுமே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுதேசிக் கம்பெனி அழிந்திருந்தால் யாருக்கும் அநீதி நடக்கவில்லை என்றே கோட்பாடு சொல்லியாக வேண்டும். இலவசக் கப்பல் நிற்க, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய பயணியின் செயலும் அதன் அகராதியில் ‘விருப்பத்தேர்வு’ மட்டுமே; காப்பிக்குப் பதில் தேநீர் குடிப்பது போன்றது. அந்தப் பயணி அப்படி நினைத்து ஏறவில்லை. தன் ஒரு சீட்டால் கப்பல் மிதந்துவிடாது என்பது அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டாரும் அதில்தான் ஏறுவார் என்ற நம்பிக்கையும், ஏறாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும் சேர்ந்தே அவரை ஏற வைத்தன. அந்தக் கூச்சத்தை என்னவென்று சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பாதிச் சவரம்

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மில் ஹார்வி கம்பெனியாருடையது. வ.உ.சி.யும் சிவாவும் பேசினர்; ஊர் தொழிலாளருக்குச் சோறு போட்டது. மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. உழைப்பைக் கூட்டாக நிறுத்திவைப்பது சம்மத விதிக்கு உட்பட்டதே என்பதால் இதில் சுதந்திரவாதிக்கு மறுப்பு இருக்க முடியாது. அதே நாட்களில் நடந்த இன்னொன்றுதான் கவனிக்கத்தக்கது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவர் நிலைப்பாட்டை அறிந்ததும் பாதியிலேயே கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார் என்ற செய்தி வ.உ.சி. வரலாறுகளில் இடம்பெறுகிறது. வெள்ளையருக்கு வேண்டியவர்களுக்குச் சேவை செய்ய மறுப்பது அன்றைய ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது.

இதைத் தேசபக்திக் கதையாகச் சொல்லிச் சிரிப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். வ.உ.சி.யின் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய முதல் மனைவி வள்ளியம்மை உயிரோடிருந்த காலத்தில், பார்வையற்றவரும் வேறு சாதியினருமான இராமையா தேசிகரை அவர் வீட்டில் வைத்து ஆதரித்தார். உறவினரும் சாதியாரும் அதை எதிர்த்தனர். வள்ளியம்மை கணவர் பக்கம் நின்று, தேசிகருக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறினார். அன்று வ.உ.சி.யின் வீட்டை நோக்கி நீண்டதும், சில ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞரின் பாதி முகத்தில் முடிந்ததும் ஒரே ஆயுதம். உன்னோடு உறவில்லை, உனக்கு வேலை செய்யமாட்டேன் என்று சொல்லும் ஒதுக்கல் அது.

சம்மத விதியின்படி இரண்டும் ஒன்றே. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. உறவு கொள்ளாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் தமிழக ஊர்களில் சலவைக்காரர், நாவிதர், கடைக்காரர், கிணறு என ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்ட ஊர்விலக்குகளில் பெரும்பாலானவை ஒரு கல்லும் எறியப்படாமல்தான் நடந்தன. அவற்றையும் சுதந்திரம் என்று சொல்லும் அளவுகோலை எந்த அறநூலும் ஏற்காது.

இதற்குச் சுதந்திரவாதிகளிடம் ஆயத்தப் பதில் ஒன்று உண்டு. தங்கள் விதி எதைப் பலவந்தமாகத் தடுக்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது, எது நல்லது என்பதைச் சொல்வதில்லை என்பார்கள். ரோத்பார்டே இந்த எல்லையை வரைந்திருக்கிறார். பதில் நேர்மையானது, ஆனால் அதை ஏற்றால் அறத்துக்கும் குடும்பத்துக்கும் இந்த விதியை நீட்டும் முயற்சி தானாகவே கைவிடப்படுகிறது. சட்டத்துக்குள்ளும் அது போதவில்லை. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில், தீண்டாமையின் பேரால் சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது. அரசியல் காரணத்துக்காக எழுந்துபோகும் நாவிதரை அச்சட்டம் தொடாது; சாதி பார்த்துக் கத்தியை மூடுபவரைத் தொடும். செயல் ஒன்று, காரணம் வேறு. காரணத்தைக் கேட்காமல் இந்த வேறுபாட்டைக் காண முடியாது. காரணத்தைக் கேட்கவே கூடாது என்பதுதான் சுதந்திரவாதத்தின் முதல் பாடம்.

பார் யாருடையது

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படிந்த கடலடித் திட்டுகளைப் பார் என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் பெயர்பெற்றது. உழைப்பைக் கலந்தவருக்கே உடைமை என்ற ஜான் லாக்கின் விதிப்படி, மூச்சடக்கிக் கல்லோடு இறங்கிய குளியாளிகளுக்கே பார் சொந்தமாக வேண்டும். எந்தக் குளியாளிகள் என்று கேட்டதும் விதி திணறத் தொடங்குகிறது. பரதவரும் குளித்தனர், காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் குளித்தனர். 1530களில் இரு தரப்புக்கும் எழுந்த பூசலில் பரதவர் போர்ச்சுகீசியரின் துணையை நாடினர். அந்த ஆண்டுகளிலேயே கத்தோலிக்கத்தையும் தழுவினர். 1658இல் டச்சுக்காரர் வந்தனர். 1825இல் தூத்துக்குடி முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சி மாறியபோதெல்லாம் சலாபத்தின் பெரும்பங்கு ஆட்சியாளருக்கே போயிற்று. இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்று ‘நியாயமான முதல் உடைமை’யைக் கண்டுபிடிப்பது? நோசிக் பழைய அநீதிகளைத் திருத்தும் கொள்கை ஒன்று வேண்டும் என்று சொன்னார். அதை விரித்து எழுதவில்லை.

பாரைத் துண்டுபோட்டுத் தனியாருக்கு விற்றுவிட்டால் பேராசையும் அழிவும் நீங்கும் என்பது இன்னொரு வாதம். நிலத்துக்கு ஓரளவு பொருந்தும். சிப்பியின் இளம் உயிரோ நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போய்ப் படியும். ஒருவர் பாரில் பிறந்தது இன்னொருவர் பாரில் வளரும். வேலி போட முடியாத இடத்தில் உடைமை பேசுவது வெறும் சொல்லாகிவிடுகிறது. அரசின் ஏகபோகமும் இதைவிடச் சிறந்ததாக இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபத்துக்குப் பிறகு பார்கள் மீளவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியபோது இயற்கை முத்தின் காலம் ஏறத்தாழ முடிந்திருந்தது.

இந்தக் கடலில் மனித உறவு பற்றிய ஒரு வழக்கையும் சொல்வார்கள். குளியாளி கீழே இறங்கும்போது படகில் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே, அதாவது மச்சானையே நிறுத்துவது நல்லது என்பது அது. தங்கை தாலியறுக்க அவன் மனம் ஒப்பாது என்பதே காரணம். கயிறு பிடிக்கக் கூலி பேசி ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் கடலடியில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தை அமல்படுத்த ஒரு நிமிடம்கூட இல்லை. மீறியவரின் மீது பின்னர் வழக்குப் போடலாம் என்பது அவருக்கு எவ்வகையிலும் உதவாது. மச்சானை அவர் விரும்பியே தேர்ந்தெடுத்தார், அதுவும் சம்மதம்தானே என்று வாதிடலாம். தேர்வு சம்மதத்தால் வந்தது உண்மை. அந்தத் தேர்வுக்கு வலுக்கொடுக்கும் அண்ணன் தங்கை உறவு யாருடைய சம்மதத்தாலும் வந்ததல்ல.

மெய்யறத்தின் வரிசை

வ.உ.சி. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியவர். ‘மனம்போல வாழ்வு’ அவற்றில் ஒன்று. தன் நிலைக்குத் தானே பொறுப்பு என்னும் அந்த நூல்களை மட்டும் படித்தால் அவரைத் தனிமனிதவாதி என்று கொள்ள இடமுண்டு. 1914இல் வெளியான ‘மெய்யறம்’ அந்த வாசிப்புக்கு இடம் தருவதில்லை. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்து இயல்களாக, 125 அதிகாரங்களில் அமைந்தது அந்நூல். தொடக்கத்திலேயே நிற்பவர் தன்னுடைமை கொண்ட முழு மனிதர் அல்லர். கற்கவேண்டிய, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கடன்பட்ட மாணவர். அரசு மூன்றாவதாகவே வருகிறது. நோசிக்கின் நூல், உரிமைகள் ஏற்கனவே வாய்க்கப்பெற்று வளர்ந்து நிற்கும் மனிதர்களோடு தொடங்குகிறது. அவர்கள் எங்கே வளர்ந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. மெய்யறம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் இல்லறத்துக்குள் யாருடைய குரல் அடங்கிப்போகிறது என்பதை வ.உ.சி. போதுமான அளவு கேட்டதாகத் தெரியவில்லை. சம்மதம் என்ற சொல்லை அங்கே கொண்டுவந்து வைப்பதற்குச் சுதந்திரவாதம் பயன்படும். அதை முற்றாகத் தள்ளிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறை மீண்ட பின் வ.உ.சி.யின் வாழ்க்கை வறுமையில் கழிந்தது. இழந்த வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவினார். அதற்கு அவர் கட்டணம் கேட்கவில்லை, வ.உ.சி. கொடுக்கவுமில்லை. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.