மேடை ஏறாத மூன்றாமவர்

நார்மன் ஜூவிசன் 1991-இல் எடுத்த 'அதர் பீப்பிள்ஸ் மனி' படத்தின் உயிர் அதன் பங்குதாரர் கூட்டத்தில் இருக்கிறது. கம்பி ஆலையின் தலைவராக வரும் கிரிகரி பெக், தொழிலாளர்களையும் ஊரையும் முன்னிறுத்தி மனம் கரையப் பேசுகிறார். அடுத்து, ஆலையை வாங்கி உடைத்து விற்க வந்த டேனி டிவிட்டோ எழுகிறார். இந்தத் தொழிலின் காலம் முடிந்துவிட்டது, போட்ட பணத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். கணக்கு அவர் பக்கம். வாக்கும் அவருக்கே விழுகிறது. வில்லனின் வாயில் வலுவான வாதத்தை வைத்த துணிச்சல்தான் படத்தின் பலம். ஆனால் கடைசியில் ஏர்பேக் தயாரிக்கும் வாய்ப்பு ஒன்று வந்து ஆலையைப் பிழைக்க வைக்கிறது. அதுவரை நம்மைத் தவிக்கவிட்ட கேள்வியிலிருந்து படமே நழுவிவிடுகிறது.

பெங்களூரில் 2019-இல் மைண்ட்ட்ரீ என்ற மென்பொருள் கம்பெனி கைமாறிய விவகாரத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னொரு குறையும் தெரியும். மைண்ட்ட்ரீ நொடித்த கம்பெனி அல்ல, லாபத்தில் ஓடியது. ஆனால் நிறுவனர்கள் கையில் இருந்தது சுமார் 13 சதவீதப் பங்குதான். மார்ச்சில், காபி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா தரப்பின் 20.32 சதவீதத்தை, பங்குக்கு 980 ரூபாய் என்று எல் அண்ட் டி பேசி முடித்தது. நிறுவனர்கள் மறுக்க மறுக்க, ஜூன் முடிவதற்குள் 60 சதவீதத்தை எட்டியது. மரத்தை வெட்ட புல்டோசரோடு வருகிறார்கள் என்று நிறுவனர்களில் ஒருவரான சுப்ரதோ பாக்சி குமுறினார். அவர் அஞ்சியபடி மரம் சாயவில்லை. 2022-இல் எல் அண்ட் டி இன்ஃபோடெக்குடன் இணைக்கப்பட்டு, எல்டிஐமைண்ட்ட்ரீ என்ற மும்பைக் கம்பெனியானது.

எனக்கு உறுத்துவது விற்றவரின் நிலை. கம்பெனி தொடங்கிய காலத்திலேயே பணம் போட்டவர் சித்தார்த்தா. மைண்ட்ட்ரீ இயங்கிய, மைசூரு சாலையை ஒட்டிய குளோபல் வில்லேஜ் வளாகமும் அப்போது அவர் குழுமத்துடையதாக இருந்தது. காபி டே கடன் கழுத்தை நெரித்தபோது, கையில் இருந்தவற்றில் நல்ல விலை போகக்கூடியது இந்தப் பங்கு. கூட வந்தவர்களைக் கைவிட்டாரா, தன்னை நம்பியிருந்த காபிக் கடை ஊழியர்களைக் காப்பாற்றப் பார்த்தாரா? இரண்டும் ஒரே கையெழுத்தில் நடந்தன. அந்த ஜூலை இறுதியில் அவர் இறந்துபோனார். அந்த மரணத்தை இந்த விற்பனையோடு முடிச்சுப் போட எவருக்கும் உரிமையில்லை.

ஜூவிசன் படத்திலும் இப்படி ஒருவர் உண்டு. ஆலை நிர்வாகி கோல்ஸ், தன் வாக்குகளைப் பணத்துக்கு எதிரணியிடம் தந்துவிடுகிறார். துரோகி என்று முத்திரை குத்திவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. முதலாளிக்கும் அவரை வீழ்த்த வந்தவருக்கும் ஆளுக்கொரு முழு உரை கொடுத்த ஜூவிசன், கோல்ஸுக்கும் அந்த ஒலிபெருக்கியை நீட்டியிருக்க வேண்டும்.