தங்கவயலைச் சொன்னவர்கள்: திரைப்படங்கள், நூல்கள் வழியே ஒரு மதிப்பீடு

கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்துவிட்ட என்னைப் போன்றவர்களிடம் அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "உங்க ஊருல பாக்க என்ன இருக்கு? சாப்பிட என்ன ஸ்பெஷல்?" 2018-இல் 'கே.ஜி.எஃப்.' திரைப்படம் வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. கேட்டவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பிப் போய், சயனைடு மேட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறார்கள்.

ஓர் ஊரின் உணவையும் கலையையும் அவற்றை ஆக்கியவர்களையும் தேடிப் போவது நல்ல பழக்கமே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் வண்டி ஏறும் முன்பே ஒரு படமோ ஒரு நூலோ தீர்மானித்துவிடுகிறது. ஆகவே தங்கவயலைப் பற்றி வந்துள்ள படைப்புகளில் சிலவற்றை ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அளவுகோல் எளிமையானது. தங்கவயல் தமிழர் அந்தப் படைப்பில் உழைத்தவராகவும் துன்பப்பட்டவராகவும் மட்டும் வருகிறாரா? அல்லது தாமே ஒன்றை ஆக்கியவராக, அதாவது சமைத்தவராக, பாடியவராக, அச்சுக் கோத்தவராக, அநியாயத்தை எதிர்த்து நின்றவராக வருகிறாரா?

ஊரின் கதை சுருக்கமாக

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்தது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தமிழர்கள். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள். சங்கு ஊதினால் ஷிஃப்ட், சங்கு ஊதினால் வீடு. இதுதான் பின்னணி.

இரண்டு கற்பனைகள்

பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்.' (2018, 2022) படத்தில் 1951-இல்தான் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. 'நாராச்சி' என்ற கற்பனைச் சுரங்கத்தில் மக்கள் அடிமைகளாக அடைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து அவர்களை மீட்கிறான். படத்தின் வேகத்தையும் ஒளிப்பதிவையும் நானும் ரசித்தேன். கற்பனைக் கதையிடம் போய் வரலாற்றுக் கணக்குக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் சயனைடு மேட்டிலேயே அரங்கம் போட்டுப் படம் பிடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த ஊர்க்காரருக்கு உரிமை உண்டு.

1951-இல் உண்மையான தங்கவயலில் சுரங்கத் தொழில் எழுபது ஆண்டைத் தாண்டியிருந்தது. தொழிற்சங்கம் இருந்தது. அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே, 1930-இல், கைரேகை பதியச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெயர் சொல்லும்படியான தலைவர் யாரும் வெளியிலிருந்து வந்து அதைத் தொடங்கி வைக்கவில்லை. "எங்கள் விரலை ஏன் குற்றவாளி விரல் மாதிரி எடுக்கிறாய்?" என்கிற மான உணர்ச்சியே அவர்களை நிறுத்தியது. மீட்பனுக்காகக் காத்துக்கிடந்த கூட்டம் அல்ல அது. இன்று நம் பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் ஊரைக் காத்துக்கிடந்த கூட்டமாகத் திரையில் பார்க்கிறார்கள். படத்தின் மீது என் வருத்தம் இதுதான்.

பா. இரஞ்சித் இயக்கி விக்ரம் நடித்த 'தங்கலான்' (2024) இதற்கு மாறானது. வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போகும் மக்களே இதில் கதையை நடத்துகிறார்கள். ஊருக்குத் திரும்பும் தங்கலான் கொண்டுவரும் ரவிக்கைகளைப் பெண்கள் முதன்முதலாக அணிந்து மகிழும் காட்சி ஒன்று உண்டு. ஒரு துணி எப்படி மானமாகிறது என்பதை அங்கே வசனமின்றியே புரிந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட இடங்களில் படம் நம் அளவுகோலில் உயர்ந்து நிற்கிறது. ஆயினும் பிற்பகுதியில் மாயமும் முற்பிறவியும் மேலோங்கி, மனிதர்கள் தொன்மக் குறியீடுகளாக மாறிவிடுகிறார்கள். மேலும் கதை 1850-ஐ ஒட்டி நிகழ்வதால், உண்மையான தங்கவயல் நகரம் உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. லைன் வீடும், அங்கே எரிந்த அடுப்பும், அங்கே ஓடிய அச்சு யந்திரமும் இன்னும் திரைக்கு வரவில்லை.

பங்களாச் சமையலும் லைன் சமையலும்

உணவைப் பற்றிக் கேட்பவர்களுக்குக் கையில் கொடுக்க ஒரு நல்ல ஆதாரம் உண்டு. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிஜெட் ஒயிட் குமார், ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பல நூல்களில் பதிவு செய்திருக்கிறார். ஊரைப் பற்றிய அவருடைய நினைவு நூல் 2010-இல் வெளிவந்தது. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரெடுத்த அந்தக் காலனி வாழ்க்கையை அவர் அன்போடு எழுதுகிறார். மஞ்சள் தேங்காய்ச் சோறு, கைமா உருண்டைக் குழம்பு, மிளகுத்தண்ணி எல்லாம் அவர் எழுதிவைத்ததால் பிழைத்தன. ஒரு சின்னச் சமூகத்தின் அடுப்படியைத் தனி ஒருவர் இப்படிக் காப்பாற்றியது பெரிய காரியம்.

குறையென்று சொன்னால், அது அந்த அம்மையாரின் குறை அன்று, நம்முடையது. 'மல்லிகட்டானி' என்று ஆங்கில அகராதியில் ஏறியிருக்கும் சொல் நம்முடைய மிளகுத்தண்ணீர்தான். சொல் அங்கே போயிருக்கிறது என்றால் கையும் அங்கே போயிருக்கிறது என்று பொருள். எங்கள் லைனில் பாட்டிமார் பலர் பங்களா வீடுகளில் ஆயாவாகவும் சமையலுக்கும் போய்வந்தவர்கள். அந்த அம்மி அரைத்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு சமையல் நூல் நம்மில் யாரும் எழுதவில்லை.

எழுதினால் என்ன இருக்கும்? முதலில் களி இருக்கும். கோலார் மாவட்டம் கேழ்வரகுச் சீமை. மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கும் ஊர் என்பதால், ஒரே உருண்டை எங்கள் வீட்டில் களி, கன்னடக்காரர் வீட்டில் முத்தே, தெலுங்குக்காரர் வீட்டில் சங்கட்டி. அடுத்து, கொடியில் காயப்போட்ட உப்புக் கண்டம். சம்பள வாரத்தில் வாங்கிய கறியை மாதக் கடைசிக்குச் சேமித்த கணக்கு அது. மாட்டுக்கறிக் குழம்பும் இருக்கும். நகரத்து நண்பர்கள் முன் இதைச் சொல்ல நம்மில் சிலர் இன்றும் தயங்குகிறோம். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று பேச்சை மாற்றுகிறோம். பங்களாக்காரர் தம் தட்டைக் கூச்சமின்றி எழுதினார், நாம் எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அச்சகம் வைத்த தொழிலாளர்

வெளியூர்க்காரர் பெரும்பாலும் கேள்விப்படாத செய்தி ஒன்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அது பின்னர் 'தமிழன்' ஆயிற்று. அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உறுதியான கிளை இருந்தது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-இல் மீண்டும் எழுப்பி நடத்தியவர் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார். எங்கிருந்து? தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலிருந்து. பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டு வைத்ததும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலையே.

சற்று எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் குடியிருப்பு அது. அங்கே ஓர் இதழ் நடந்தது, நூல்கள் அச்சாயின, அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்த குடும்பங்கள் இருந்தன. 1999-இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து தமிழ் ஆய்வுலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்த எழுத்தைக் கைமாற்றிக் காத்தவர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். இந்த ஊரின் படைப்பாளி யார் என்று கேட்பவருக்கு என் முதல் பதில் இதுதான்.

ஆய்வு நூல்கள்

நம் அளவுகோலில் உயர்ந்து நிற்பவை 1998-இல் வந்த இரண்டு ஆங்கில ஆய்வு நூல்கள். மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி ஜானகி நாயர் எழுதியது ஒன்று. தமிழர் பௌத்த இயக்கத்தைப் பற்றி அலாய்சியஸ் எழுதியது மற்றொன்று. இரண்டிலும் தொழிலாளர் சிந்திப்பவராகவும் முடிவெடுப்பவராகவும் வருகிறார். ஆனால் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் படிக்க இயலாத மொழியில் அவை இருக்கின்றன. ஆய்வு நூல் என்பதால் குழம்பின் மணமும் பேச்சின் ருசியும் அவற்றில் எதிர்பார்க்கவும் முடியாது. அது நம் வேலை.

இனி நம் பங்கு

ஆக, திரைப்படத்தில் தொன்மம் இருக்கிறது. நினைவு நூலில் பங்களா இருக்கிறது. ஆய்வு நூலில் லைன் இருக்கிறது, தமிழ் இல்லை. லைன் வீட்டுக்குள்ளிருந்து தமிழில் முழுமையாக எழுதப்பட்ட ஒரு நூலுக்கான இடம் காலியாகவே கிடக்கிறது.

காலம் அதிகம் இல்லை. சுரங்கம் மூடிய பிறகு ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். பலர் இங்கேயே குடியேறிவிட்டார்கள். சுரங்கத்தில் இறங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போவது பழைய காகிதம்.

எனவே சங்கத்து அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய இதழோ, சங்க நோட்டீசோ, நாடக அழைப்பிதழோ இருந்தால் கடைக்குப் போடாதீர்கள். சங்கத்தில் காட்டிப் படி எடுத்து வையுங்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து, களி கிண்டும் பக்குவத்தையும் கண்டம் போடும் பக்குவத்தையும் அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது "உங்க ஊருல என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டால், சயனைடு மேட்டுக்கு வழி சொல்லி அனுப்பாமல், வீட்டுக்குக் கூப்பிட்டு ஓர் உருண்டை களி போடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.